எந்தப் பாஷையில் சொன்னார்

"மூக்குத் தண்டை எவ்வளவு அமுக்கும்போது வலிக்கிறதோ, அவ்வளவு அமுக்கினால் போதும்." நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதும் யாராவது இதைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மூக்கு? என் மூக்கா, உங்கள் மூக்கா? வலி என்பது ஆளுக்கு ஒரு மாதிரி. அதை அளவாக வைத்து ஒரு உயிரைப் பிடித்துக்கொள் என்று சொன்னால் அது எப்படிப் பாடம் ஆகும்?

விஷயம் இதுதான். வயிறு நிறையச் சாப்பிட்ட ஆளுக்கு அவசரமாக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், மருந்து ஏறியதும் உடம்பு தளர்ந்து, வயிற்றில் இருப்பது மேலே ஏறி வரும். ஏறி வந்தது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் வெந்துவிடும். டாக்டர் தொண்டைக்குள் குழாயைப் போட்டு முடிக்கும்வரை அதைத் தடுக்க ஒரே வழி, பக்கத்தில் நிற்கிறவர் குரல்வளைக்குக் கீழே மோதிரம் மாதிரி இருக்கிற குருத்தெலும்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கிப் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் பின்னால் இருக்கிற உணவுக்குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். குறைவாக அமுக்கினால் மூடாது. அதிகமாக அமுக்கினால் குழாய் போடும் வழி கோணி, டாக்டருக்கு எதுவும் தெரியாது. அரை நிமிடம், ஒரு நிமிடம், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடம் ஆள் இருப்பதும் போவதும் இரண்டு விரலில் இருக்கிறது.

ஓசூரில் தொழிற்சாலைகள் மளமளவென்று வந்துகொண்டிருந்த எண்பதுகளின் கடைசியில், அங்கே இருபது படுக்கை கொண்ட ஒரு நர்ஸிங் ஹோமில் நான் தியேட்டர் நர்ஸ். எங்களுக்கு வந்த அவசர கேஸில் பாதி கை விரல்தான். பவர் பிரஸ்ஸில் நசுங்கிய விரல், லேத்தில் மாட்டிய விரல், பெல்ட்டில் சுற்றிய விரல். கம்பெனி வேனில் துணியைச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஷிஃப்ட் முடிவதற்குள் திரும்பிப் போய்விடுவார்கள். வருகிறவர்கள் தமிழில் அழுவார்கள், தெலுங்கில் சாமி கும்பிடுவார்கள், கன்னடத்தில் திட்டுவார்கள். நான் கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்து வீடு தெலுங்கு, எதிர் வீடு கன்னடம். மூன்று பாஷையும் எனக்கு ஒன்று மாதிரி.

தியேட்டரில் அந்தக் குருத்தெலும்பை அமுக்குகிற வேலை எங்கள் ஆயாவுடையது. ஆயா என்று எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கிருஷ்ணகிரி ரோட்டில் குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே ஒன்றரை மைல் நடந்தால் வருகிற ஒரு ஊர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். புருஷன் இல்லை, ஒரே பெண். பன்னிரண்டு வருஷமாகத் தியேட்டர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அதைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

ஆள் முழித்திருக்கும்போது அக்கா விரலை லேசாகத்தான் வைப்பார். "முழிச்சினு இருக்கறவன் களுத்த புடிச்சா அவனே வாந்தி எடுப்பான் சிஸ்டரு. கண்ணு சொருகட்டும், அப்பால அமுக்கலாம்" என்பார். கண் சொருகியதும் விரல் கீழே இறங்கும். மெதுவாக, ஆனால் ஒரே சீராக. சேலத்துக்காரரான எங்கள் வழக்கமான மயக்க டாக்டர் "அமுக்கு" என்று வாயைத் திறப்பதற்குள் அமுக்கியாகி இருக்கும். அவர் "விடும்மா" என்று சொல்லும்வரை அந்த விரல் நகராது. யாரும் அவருக்கு அளவு சொல்லிக்கொடுக்கவில்லை. அதே மூக்குக் கதையைத்தான் அவருக்கும் சொல்லியிருப்பார்கள்.

அன்றைக்குச் சேலத்து டாக்டர் ஊரில் இல்லை. முதலாளி டாக்டர் பெங்களூரிலிருந்து தன் நண்பரை வரவழைத்திருந்தார். கன்னடக்காரர். எங்கள் தியேட்டருக்கு அவர் வருவது இரண்டாவது தடவையோ என்னவோ. மத்தியானம் இரண்டு மணி இருக்கும், பவர் பிரஸ்ஸில் வலது கை மாட்டிய ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயது. அவனும் குருபரப்பள்ளிதான், தமிழ்க் குடும்பம். அக்காவின் ஊருக்குப் போகிற வழியில்தான் அவன் வீடு.

"எப்ப சாப்ட்ட?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் சிஸ்டர். ஒரு முழுக் களி" என்றான். அவ்வளவு வலியிலும் உண்மையைச் சொன்னான்.

மேஜைக்குத் தலைமாட்டில் டாக்டர். அவருக்கு வலது பக்கம் அக்கா. எதிர்ப்பக்கம் நான். தூக்க மருந்து ஏறியது. அடுத்தது உடம்பைத் தளர்த்தும் மருந்தை நான் எடுத்துக் கொடுத்தேன், அவர் ஏற்றினார். பையனுக்குக் கண் சொருக ஆரம்பித்தது. அக்காவின் விரல் எப்போதும் போல லேசாக உட்கார்ந்திருந்தது, இனிமேல்தான் இறங்கப் போகிறது. டாக்டருக்கு அந்தப் பழக்கம் தெரியாது. இவள் அமுக்கவே இல்லை என்று நினைத்துவிட்டார். அதுவரை எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்த மனுஷனுக்குப் பதற்றத்தில் தாய்ப்பாஷை வந்துவிட்டது.

"ஒத்து! ஒத்து!" என்று முகமூடிக்குள்ளிருந்து கத்தினார்.

கன்னடத்தில் 'ஒத்து' என்றால் அமுக்கு. எங்கள் பக்கத்துத் தெலுங்கில் 'ஒத்து' என்றால் வேண்டாம். 'த்து' கொஞ்சம் அழுத்தமாக வந்தால் அது, கொஞ்சம் மெத்தென்று வந்தால் இது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஒரு பக்கம் சளி உறிஞ்சும் மெஷின் சத்தம், வாயில் நாலு மடிப்புத் துணி, முன்பின் பழக்கமில்லாத டாக்டர், அதுவும் கோபமாக. அக்காவின் காதில் தன் தாய்ப்பாஷைதான் விழுந்தது. வேண்டாம், வேண்டாம் என்று கேட்டது. டாக்டர் வேண்டாம் என்கிறார், தான் ஏதோ தப்புச் செய்கிறோம் என்று சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதும் தெரிந்தது, அக்காவின் காதில் என்ன விழுந்தது என்பதும் தெரிந்தது. நாலைந்து நொடி யாரும் அசையவில்லை. பிறகு பையனின் வாய் நிறையக் களியும் குழம்பும் ஏறி வந்தது.

தலையைச் சாய்த்தோம், உறிஞ்சி எடுத்தோம், குழாய் போட்டார்கள், எல்லாம் செய்தார்கள். உள்ளே போனது போனதுதான். சாயங்காலமே பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒன்பதாவது நாள் அங்கே இறந்துபோனான். கை நசுங்கி வந்தவன் நுரையீரல் வெந்து செத்தான். கையைக்கூட அதற்குள் சரிபண்ணி வைத்திருந்தார்கள்.

பிறகு விசாரணை என்று ஒன்று நடந்தது. முதலாளி டாக்டரின் அறையில் நாலு நாற்காலி. அக்கா மட்டும் நின்றார். கன்னட டாக்டர் சொன்னார்: "நான் அமுக்கச் சொன்னேன், இவள் கையை எடுத்துவிட்டாள்." அது பொய்யில்லை. அக்கா சொன்னார்: "வேணான்னு சொன்னாரு, அதாங்க எடுத்தேன்." அதுவும் பொய்யில்லை. முதலாளி சிரித்தார். "டாக்டர் வேண்டாம்னு சொல்வாரா? யாராவது சொல்வாங்களா?" என்று கேட்டார். அமுக்கச் சொன்னாரே, எந்தப் பாஷையில் சொன்னார் என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்று பாஷை பேசுகிற ஊரில் ஆஸ்பத்திரி வைத்துக் காசு பார்க்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

என்னைக் கேட்டார்கள். "நீங்க என்ன பார்த்தீங்க சிஸ்டர்?"

"கையை எடுத்தாங்க சார்" என்றேன்.

அத்தோடு நிறுத்திக்கொண்டேன். தியேட்டர் இன்சார்ஜ் வேலை எனக்கு என்று முதலாளி அந்த மாதம்தான் சொல்லியிருந்தார். கன்னட டாக்டர் அவருக்குக் காலேஜ் நண்பர். நான் மேற்கொண்டு வாயைத் திறந்தால் தப்பு டாக்டர் பக்கமும் போகும். நீட்டிய காகிதத்தில் இங்கிலீஷில் 'கவனக்குறைவு' என்று இருந்தது. சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அக்கா கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் எனக்கு இன்சார்ஜ் வேலை வந்தது. எனக்கு நாணயமில்லை என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதோடு முடிந்திருந்தால் வேறு இடம் பார்த்திருப்பார். ஆனால் கம்பெனி ஆட்கள் மூலமாகப் பையனின் அம்மாவுக்குச் செய்தி போனது. ஆயா கையை எடுத்துவிட்டாள், அதனால்தான் உன் மகன் செத்தான். அந்த அம்மா அக்காவின் வீட்டு வாசலுக்குப் போய், ஊர் பார்க்க மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தது. எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. அக்காவின் பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரமே சொல்லி அனுப்பிவிட்டார்கள். உயிரை எடுத்தவள் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்களாம்.

இங்கே தியேட்டரில் புதிதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சேலத்து டாக்டர் அதே மூக்குப் பாடத்தை ஆரம்பித்தார். அந்தப் பெண் தன் மூக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, நோயாளியின் கழுத்தைப் பூப் பறிப்பது போலத் தொட்டது. இன்னொரு நாள் பயந்து இரண்டு கையாலும் அமுக்கியது. நான் முதலாளியிடம் போனேன்.

"அக்கா கை இப்படி இல்ல சார். அவங்கள திரும்பக் கூப்பிடுங்க" என்றேன்.

"அவ கை சரியா இருந்ததுன்னு யார் அளந்தா? பன்னெண்டு வருஷமா தப்பாவே அமுக்கியிருப்பா. அன்னைக்குத்தான் மாட்டிக்கிட்டா" என்றார் முதலாளி. "சரின்னு காட்டுங்க, பார்க்கலாம்."

காட்டுங்க என்றாரா இல்லையா, காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தார். ஸ்பிரிங் எத்தனை கிலோவுக்கு எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. சோறு போட்டுக்கொண்டே அவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"ஒரு ஸ்பிரிங்குக்கு இருக்கற மரியாத மனுசன் களுத்துக்கு இல்லயா? உங்க கம்பெனில மூக்க அமுக்கிப் பாத்துதான் ஸ்பிரிங்க அனுப்பறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "லோடு செல்லு ஒண்ணு ஸ்கிராப்ல கெடக்குது. மேல் மூடி நசுங்கிப் போச்சுன்னு தள்ளிட்டாங்க. உள்ள நல்லாத்தான் கீது" என்றார்.

லோடு செல் என்பது உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. மேலே அமுக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி துளி நெளியும். அந்த நெளிவை மின்சாரம் கணக்கெடுத்துப் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் சிவப்பு எண்ணாகக் காட்டும். இத்தனை கிலோ, இத்தனை கிராம் என்று. ஃபோர்மேன் கையெழுத்தோடு கேட் பாஸ் வாங்கி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன்மேல் ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை வைத்து, சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டினோம். அதுதான் கழுத்து. சேலத்து டாக்டரே புத்தகத்தைப் பார்த்து அளவு சொன்னார். முழித்திருக்கும்போது ஒரு கிலோ, தூங்கிய பிறகு மூன்றிலிருந்து நாலு கிலோவுக்குள்.

"நீங்க மொதல்ல அமுக்குங்க சார்" என்றேன் அவரிடம்.

சட்டையைச் சுருட்டிக்கொண்டு அமுக்கினார். பெட்டி ஐந்தே முக்காலைக் காட்டியது.

"இத்தன வருஷமா எங்களுக்குச் சொல்லிக்குடுத்த மூக்கு இதுதானா சார்?" என்று கேட்டேன்.

அவர் நல்ல மனுஷர், சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நானும் அமுக்கிப் பார்த்தேன். இரண்டே கால். என் கை அவ்வளவு லட்சணம். வார்டு நர்ஸுகள், புதுப் பெண், எல்லோரையும் அமுக்க வைத்தேன். ஒருவர் அமுக்குவது போல இன்னொருவர் அமுக்கவில்லை. ஒரே ஆள் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. இந்தக் கைகளை நம்பித்தான் இத்தனை நாள் ஆட்களை மேஜையில் படுக்க வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணைப் பார்த்துக்கொண்டே அமுக்கினால் பத்துத் தடவைக்குள் கை படிந்துவிடுகிறது. பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டு அமுக்கச் சொன்னாலும் விரல் அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது. இரண்டு வாரம் விட்டுவிட்டால் மறுபடி அலைகிறது. அதனால் திங்கட்கிழமை தோறும் எல்லோரும் அமுக்க வேண்டும் என்று வைத்தேன். பயந்து பயந்து தொட்ட அந்தப் புதுப் பெண் ஒரே வாரத்தில் மூன்றரையில் வந்து நின்றது. பார்த்த எனக்குத்தான் வயிறு எரிந்தது. இவ்வளவு சுலபமான வேலையை யாரும் செய்யவில்லையே என்று.

முதலாளிக்கு இது பிடித்துப்போனது. பெங்களூரிலிருந்து வருகிற நண்பர்களையெல்லாம் கூட்டிவந்து, "எங்க தியேட்டர்ல சென்சார் வச்சுத்தான் ட்ரெய்னிங்" என்று காட்டினார். சைக்கிள் ட்யூபை எடுத்துவிட்டு நல்ல ரப்பர் போடச் சொன்னார். வந்தவர்கள் ஏன் இந்த யோசனை வந்தது என்று கேட்டால், "ஒரு படிக்காத ஆயா கைய விட்டுட்டா, ஒரு பையன் போய்ட்டான்" என்று கதை சொல்ல ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் பெயரைக் காப்பாற்ற நான் கொண்டுவந்த மெஷினை வைத்தே அக்காவைத் தினமும் ஒரு தடவை குற்றவாளி ஆக்கினார்கள்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லோடு செல்லையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல், பஸ் ஏறிக் குருபரப்பள்ளியில் இறங்கினேன். ரோட்டோரத்தில் தக்காளி மண்டி. அக்கா அங்கேதான் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னா சிஸ்டரு, இவ்ளோ தூரம்?"

மண்டிக்காரரிடம் சொல்லி ஒரு ப்ளக் பாயின்ட் வாங்கினேன். தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கழுத்தை வைத்தேன். இது இன்ன மாதிரி, இப்படி அமுக்க வேண்டும், எண் வரும், அதைக் கொண்டுபோய்க் காட்டினால் முதலாளி பேச முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எண்ணை நான் மட்டும் பார்க்கும்படி பெட்டியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அக்கா கழுத்தின்மேல் இருந்த ரப்பரைத் தடவிப் பார்த்தார். மோதிரம் போல இருக்கிற இடத்தைத் தேடி, விரலை வைத்தார். "முழிச்சினு இருக்கறானா, தூங்கிட்டானா?" என்று கேட்டார். முழித்திருக்கிறான் என்றேன். பெட்டியில் ஒரு கிலோ. தூங்கிவிட்டான் என்றேன். விரல் இறங்கியது. மூன்று கிலோ அறுநூறு கிராம். எடுத்துவிட்டு மறுபடி அமுக்கச் சொன்னேன். மூன்று அறுநூற்று ஐம்பது. இன்னொரு தடவை. மூன்றரை. எண்ணைப் பார்க்காமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஐந்து மாதமாகத் தக்காளி பொறுக்கிய கை.

"பாருங்கக்கா! பாருங்க! உங்க கை சரியாத்தான் இருந்துச்சு!" என்று கத்தினேன். மண்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா பெட்டியைப் பார்க்கவே இல்லை.

"ஏங்கை சரின்னு எனக்குத் தெரியும் சிஸ்டரு" என்றார். "கைக்கு இந்த மிஷினு சாட்சி சொல்லும். அன்னிக்கி ஏங்காதுல இன்னா வுழுந்துச்சுன்னு அது சொல்லுமா? அதுக்கு நீங்கதான சாட்சி. எதுக்கால நின்னீங்க. மூணு பாஷையும் உங்களுக்குத் தெரியும்."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இத்தனை மாதம் முதலாளி மேலும், கன்னட டாக்டர் மேலும், மூக்குப் பாடத்தின் மேலும் கோபப்பட்டுக்கொண்டு திரிந்தேன். அத்தனை கோபமும் என் கையெழுத்தை நான் பார்க்காமல் இருப்பதற்குத்தான் உதவியது. மெஷினைக் கொண்டுவந்தேன், அளந்தேன், ஊரையே அமுக்க வைத்தேன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்வதை மட்டும் செய்யவில்லை.

"நாளைக்கே எழுதிக் குடுக்கறேங்கா. அந்தக் காகிதத்த மாத்தச் சொல்றேன்" என்றேன்.

"காயிதம் கெடக்கட்டும். அத வச்சு நா இன்னா பண்ணப் போறேன்? அந்தப் பையனோட அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. அது தூத்துன மண்ணு எம்பொண்ணு தலமேல கீது."

உடனே கிளம்பினோம். வெயில் ஏறியிருந்தது. பையன் வீடு ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அக்கா வேலிக்கு வெளியே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. அந்த அம்மா முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தது. என்னைத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் கல்லைக் கீழே வைத்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கன்னடத்தில் அமுக்கச் சொன்னதை, அது தெலுங்கில் வேண்டாம் என்று கேட்டதை, எனக்கு அது அப்போதே புரிந்ததை, புரிந்தும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதை. ஒத்து, ஒத்து என்று இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினேன். அந்தப் பக்கத்து ஆள்தானே, அதற்குச் சட்டென்று விளங்கியது. வேலிப் பக்கம் திரும்பியது.

"உள்ள வா" என்றது அக்காவிடம்.

பிறகு என் பக்கம் திரும்பியது.

"அவளுக்குத்தான் வேணான்னு கேட்டுச்சு, கைய எடுத்துட்டா. அமுக்கணும்னு ஒனக்குத் தெரிஞ்சிச்சு இல்ல? எதுக்காலதான் நின்ன. ஒங்கைய ஏம்மா வெக்கல?"

யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. விசாரணையில் கேட்கவில்லை, வீட்டில் கேட்கவில்லை, நானே என்னைக் கேட்டதில்லை. மருந்தை எடுத்துக் கொடுத்து முடித்திருந்தேன். என் இரண்டு கையும் அப்போது சும்மாதான் இருந்தன.